பன்னிரண்டு சனிக்கிழமைகளில் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்?

கேள்வி | 8 ஜூன் 2025

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். தன்னார்வப் பணிக்குப் பெயர் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து ஆளுக்கு மூன்று இளைஞர்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்த மூவருக்கும் பதினேழு, பதினெட்டு வயது. ஒருவன் பிளஸ் டூ தேறியிருக்கிறான். இன்னொருவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். மூன்றாமவள் கல்லூரியில் சேரக் காத்திருக்கும் பெண். வருகிற சனிக்கிழமை தொடங்கிப் பன்னிரண்டு சனிக்கிழமைகள், ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்து வாழ்க்கைத் திறன்களை அச்சிட்டு வைத்திருக்கிறேன். எதில் தொடங்குவது? இன்னொன்றும் உறுத்துகிறது. வீட்டில் வருமானம் போதாததுதான் வறுமை என்றால், நான் பேசி எதை மாற்ற முடியும்?

பதில் | 8 ஜூன் 2025, இரவு

மண்ணடியில் ஓர் இரும்பு வியாபார நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். 2014 முதல் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புளியந்தோப்பில் ஒரு தெருச் சங்கத்தின் அறையில் நடக்கும் படிப்பகத்துக்குப் போய்வருகிறேன். இடையில் ஒரு முறை நின்றுபோனதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அதைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும்.

நீங்கள் எதில் தொடங்குவது என்று கேட்கிறீர்கள். எனக்கோ உங்கள் கேள்வியில் இருக்கும் பன்னிரண்டு என்ற எண்தான் கவலை தருகிறது. அமெரிக்காவில் 1904இல் தொடங்கிய பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமைப்பு, வளர்ந்த ஒருவரையும் ஒரு சிறாரையும் இணைத்துவிடும் வேலையை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது. அதன் சிறார்களைப் பற்றிய தரவுகளை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த உறவுகளில்தான் நன்மைகள் அதிகம் தெரிந்தன. மிகக் குறுகிய காலத்தில் முறிந்த உறவுகளில் சிறார்கள் சிலவற்றில் முன்பிருந்ததைவிடப் பின்தங்கினார்கள். அதாவது, பாதியில் நிற்பதால் பயன் குறைவதோடு காயமும் ஏற்படலாம்.

அந்தக் கட்டுரையைப் பற்றி அறிவதற்கு முன்பே நான் இதை அறிந்தேன். 2016இல் பதினொன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண்ணுடன் நான்கு மாதங்கள் உட்கார்ந்தேன். கணக்குப் பதிவியல் அவளுக்கு வரவில்லை. அதைச் சாக்காக வைத்து வீட்டு விஷயமெல்லாம் பேசுவாள். அந்தச் சமயத்தில் என் தாயார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். நான் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிட்டேன். ஏழு மாதங்கள் கழித்துத் திரும்பிப் போனபோது அவள் படிப்பகத்துக்கு வருவதை விட்டிருந்தாள். நான் போகாத முதல் மூன்று ஞாயிறுகளிலும் அவள் கணக்கு நோட்டோடு வந்து, நாங்கள் வழக்கமாக உட்காரும் பெஞ்சில் பத்தரை மணி வரை காத்திருந்தாள் என்று மற்றொரு பெண் சொன்னாள். தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் கஷ்டத்தின் நடுவே அந்தப் பிள்ளை என்னை எதிர்பார்த்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே முதல் சனிக்கிழமை போகும்போது பத்துத் திறன்களின் தாளை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். எத்தனை வாரம் வருவீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள், வர முடியாத நாளில் எப்படித் தெரிவிப்பீர்கள் என்ற மூன்றையும் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் உட்காருங்கள். ஒருவரும் வராவிட்டாலும் இரண்டு மணி நேரமும் அங்கேயே இருங்கள்.

இன்னொன்று: எந்த நிலையிலும் பணம் கொடுக்காதீர்கள்.

பதில் | 10 ஜூன் 2025

அந்தப் பத்துத் திறன்களை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தன்னை அறிதல், பிறர் நிலை உணர்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், ஆய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், தெளிவாகப் பேசுதல், உறவு பேணுதல், உணர்ச்சியைக் கையாளுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகிய பத்தும் மிகுந்த யோசனையோடு தொகுக்கப்பட்டவை. ஆனால் கரும்பலகையில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அத்தோடு முடிந்துவிடும். நான் மூன்று ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன்.

இப்போது நான் முதல் பாடமாக வைப்பது இ-சேவை மையம். பிளஸ் டூ தேறிய பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போதுதான், பள்ளி மாற்றுச் சான்றிதழில் தந்தை பெயரின் முதல் எழுத்து மட்டும் இருக்கிறது, ஆதாரில் தந்தையின் முழுப்பெயர் பின்னால் சேர்ந்திருக்கிறது, குடும்ப அட்டையில் எழுத்துப் பிழையோடு மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது என்பது தெரியவரும். தலைப்பெழுத்து என்பது நமக்குச் சிறிய விஷயம். கணினிக்கோ அவர்கள் மூன்று வெவ்வேறு ஆட்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்கப்படாததால் உதவித்தொகை வராமல் கிடந்து, அரசே கொடுக்கவில்லை என்று முடிவு கட்டிய குடும்பங்களை நான் அறிவேன்.

ஒரு பையனை அழைத்துக்கொண்டு முதல் முறை போனபோது எல்லாவற்றையும் நானே பேசினேன். கையெழுத்து மட்டும் அவன் போட்டான். வேலை அரை மணியில் முடிந்தது, அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு பையனோடு போனபோது நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் மூன்று முறை உள்ளே போய், மூன்று முறையும் ஏதோ ஒரு தாள் இல்லை என்று திரும்பி வந்தான். மூன்றாவது முறை முகம் சிவந்து, "போதும் மிஸ், எனக்குப் படிப்பே வேணாம்" என்றான். தேநீர் வாங்கிக் கொடுத்து, என்னென்ன தாள் வேண்டும் என்பதை ஒரே தடவையில் எழுதித் தரும்படி எப்படிக் கேட்பது என்று இருவரும் பேசிப் பார்த்தோம். நான்காவது முறை அவன் பேனாவை நீட்டிக் கேட்டான், அங்கிருந்த பெண்மணி பொறுமையாக எழுதிக் கொடுத்தார். நீங்கள் அச்சிட்டு வைத்திருக்கும் பத்தில் குறைந்தது ஐந்தாவது அந்த ஒரு காலைப் பொழுதில் நடந்திருக்கும்.

திருத்தம் | 11 ஜூன் 2025

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தாலே கட்டணச் சலுகை கிடைத்துவிடும் என்ற எண்ணத்தை நேற்று எழுதியது தந்துவிடக் கூடும். 2010இல் தொடங்கிய இந்தச் சலுகை, ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் தொழிற்படிப்பில் சேருபவர்களுக்குத்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். தரகர் ஒருவர் கலந்தாய்வுக்கு முன்பே இடம் பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கி, பிள்ளையை நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டதை எங்கள் தெருவிலேயே பார்த்தோம்.

உங்களிடம் வரும் பெண் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவள் என்றால், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவளுக்கு உண்டு. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. முதல் சனிக்கிழமையே அவள் சான்றிதழ்களைப் பாருங்கள். மற்ற இருவரும் காத்திருக்கலாம். கலந்தாய்வின் நாட்கள் காத்திருக்க மாட்டா.

பதில் | 15 ஜூன் 2025

வருமானம் பற்றிய உங்கள் கேள்விக்கு இப்போது வருகிறேன். நேற்று உங்கள் மூவரில் பிளஸ் டூ தேறிய பையன், "படிச்சு என்ன ஆகப் போகுது சார், கேட்டரிங் வேலைக்குப் போனா ஒரு நாளைக்கு எழுநூறு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதே எண்ணைச் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் பையன் ஒருவனும் சொன்னான். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுத் திருமண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். நாளுக்கு 700, மாதத்துக்கு 21,000 என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தான். என் சம்பளத்தை அறிந்தவன் என்பதால், கணக்கெழுதி நான் என்ன சம்பாதித்துவிட்டேன் என்ற எண்ணமும் அவனுக்கு உள்ளூர இருந்தது.

நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவன் தாய் மாதக் காலண்டரில் பால் கணக்குக் குறிப்பதுபோல, மகன் வேலைக்குப் போன நாட்களிலும் பேனாவால் புள்ளி வைப்பவர் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலண்டரை எடுத்துவரச் சொன்னேன். இருவரும் உட்கார்ந்து புள்ளிகளை எண்ணினோம். வைகாசியில் பதினோரு நாட்கள். ஆவணியில் ஒன்பது. ஆடியிலும் மார்கழியிலும் ஒரு புள்ளிகூட இல்லை. புரட்டாசியில் ஒரே ஒரு பிறந்தநாள் விருந்து. ஆண்டு முழுவதும் கூட்டினால் 74 நாட்கள். 74ஐ 700ஆல் பெருக்கினால் 51,800 ரூபாய், மாதத்துக்கு 4,300 ரூபாய்க்குச் சற்று மேல். அவன் மீண்டும் முதலிலிருந்து எண்ணினான். அதே 74தான் வந்தது.

அவன் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை, வேலை உள்ள நாளின் கூலி மனத்தில் பதிவதுபோல் வேலை இல்லாத நாள் பதிவதில்லை, அவ்வளவுதான். தினக்கூலி வீடுகளில் மாதம் என்ற அளவே இல்லாமல் பிள்ளைகள் வளர்கிறார்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அதோடு அந்த ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாய், ஆக 1,750. பேருந்துப் பயணம் இலவசம். 4,300க்கும் 1,750க்கும் உள்ள தூரம் அவன் நினைத்திருந்த 21,000க்கும் 1,750க்கும் உள்ள தூரம் அல்ல என்பதை அவன் தன் கையால் எழுதிப் பார்த்தான். குளிர்பதனம், ஏ.சி. பிரிவில் சேர்ந்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் பேசுவதால் வீட்டு வருமானம் ஒரு ரூபாய்கூட உயராது. ஆனால் இன்றைய 700 ரூபாய்க்கும் இரண்டு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கக்கூடிய வேலைக்கும் நடுவில் அந்தப் பையன் தனியாக நிற்கிறான். அவன் வீட்டில் அந்த இரண்டு ஆண்டுகளைக் கடந்தவர்கள் யாரும் இல்லை. கடந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

திருத்தம் | 16 ஜூன் 2025

நேற்று எழுதியதை அந்தப் பையனுக்கே படித்துக் காட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "சாப்பாட்டை நீங்க எழுதவே இல்லையே மிஸ்" என்றான். வேலைக்குப் போன நாட்களில் இரண்டு வேளை அங்கேயே சாப்பிட்டுவிடுவான். மீந்ததை வாளியில் கொண்டுவந்தால் தம்பிகளுக்கு மறுநாள் காலை வரை போதும். அன்று வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதில்லை. அதையும் சேர்த்தால் ஒரு நாளின் மதிப்பு 700ஐவிட அதிகம். முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன், சாப்பாட்டை வருமானமாக எழுத எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் என் வீட்டில் அது ஒருநாளும் வருமானமாக இருந்ததில்லை. அவன் வாய்விட்டுச் சொல்ல இப்போதுதான், பத்து மாதங்கள் கழித்துத்தான், துணிந்திருக்கிறான்.

சேர்ந்த பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தங்களுக்குப் போய்க்கொண்டிருப்பதன் காரணமும் இப்போது எனக்குப் புரிகிறது. தொடக்கத்தில் அதற்காக நான் வருத்தப்பட்டேன். இனி வருத்தப்பட மாட்டேன்.

பதில் | 19 ஜூன் 2025

பத்தாம் வகுப்போடு நின்ற பையன் தன் விவரக் குறிப்பில் வேளச்சேரியில் உள்ள சித்தப்பா வீட்டு முகவரியை எழுதியிருக்கிறான், திருத்தச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் நான் ஒரு முறை தவறியிருக்கிறேன்.

புளியந்தோப்பு என்று எழுதினால் முகம் மாறுகிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். நேர்மைதான் முதல் தகுதி என்று சொல்லி, அத்தை வீட்டு முகவரியை எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் சொந்த முகவரியை எழுத வைத்தேன். அதுவரை பரிவாகப் பேசிய அலுவலகத்திலிருந்து அதன்பின் அழைப்பு வரவில்லை. முகவரிதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அவளுக்கு ஐயமே இல்லை.

உங்கள் பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, மக்கள் வாழும் இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவது பெருமளவு நடந்தது. பிறகு நகரத்துக்கு வெளியே குடியமர்த்தும் வழக்கம் வந்தது. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், அடுத்துச் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைகளிலிருந்து பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. உங்கள் பையனுக்குப் பதினெட்டு வயது என்றால், அவன் பள்ளியில் இருக்கும்போதே அவன் முகவரி அவனைக் கேட்காமல் மாற்றப்பட்டிருக்கலாம். அந்த முகவரியை மறைக்கிறான் என்று அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் இப்போது செய்வது: விவரக் குறிப்பில் முகவரியே வேண்டாம். கைப்பேசி எண், மின்னஞ்சல், "சென்னை" என்ற ஊர்ப்பெயர் போதும். பொய்யும் இல்லை, கதவும் அடைபடாது. வேலைக்குச் சேரும் படிவத்தில் மட்டும் ஆதாரில் உள்ளபடியே எழுத வேண்டும், ஏனென்றால் வருங்கால வைப்பு நிதிக் கணக்கு அதை வைத்துத்தான் திறக்கப்படுகிறது. நேர்காணலில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால், பெரும்பாக்கம் என்று சொல்லிவிட்டு அதே மூச்சில் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு வந்து சேருவேன் என்பதையும் சொல்லப் பழக்குங்கள். கேட்பவரின் மனம் ஊரை விட்டு நேரத்துக்கு வந்துவிடும்.

பதில் | 22 ஜூன் 2025

இன்று படிப்பகத்தில் சம்பளச் சீட்டு படித்தோம். இது என் தொழில் என்பதால் சற்று நீளமாக எழுதுவேன்.

தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் வேலை செய்யும் பத்தொன்பது வயதுப் பெண் தன் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தாள். கடையில் உட்கார இருக்கை உண்டா என்று கேட்டேன். 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கொண்டுவந்த விதியை அவள் கேள்விப்பட்டிருக்கவில்லை. பிறகு சீட்டைப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்குப் பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத் தொழிலாளர் காப்புறுதி உண்டு. அவள் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25. "பிடிக்கிறாங்க" என்ற ஒரே சொல்லாக அவள் அறிந்திருந்தது இது. பிடித்த பணம் அவளுடையது என்பதும், காப்புறுதி அட்டை இருந்தால் தாய்க்கும் சிகிச்சை கிடைக்கும் என்பதும் அவளுக்குப் புதிய செய்திகள்.

அவளிடம் பன்னிரண்டு இலக்க வைப்பு நிதி எண் இல்லை. கடையில் கேட்கப் பயம். ஆகவே கேட்கும் வாக்கியத்தைச் செய்தோம். முதலில் அவள் எழுதியது, "ஏன் எனக்கு நம்பர் தரல?" என்று இருந்தது. கடைசியில், "அண்ணா, வங்கியில் கேட்கிறார்கள், என் பி.எஃப். எண்ணை எழுதித் தருகிறீர்களா?" என்று ஆனது. ஒரு பையன் மேலாளராக நடித்து, "அப்புறம் பார்க்கலாம் போ" என்று விரட்டினான். "எந்தக் கிழமை வரட்டும் அண்ணா?" என்று திருப்பிக் கேட்க அவளுக்கு ஆறு முறை பயிற்சி தேவைப்பட்டது.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் பின்னி ஆலையில் வேலை பார்த்தவர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது அந்த ஆலைத் தொழிலாளர்களிடையேதான். 1996இல் ஆலை மூடப்பட்டது. அவர் தன் வைப்பு நிதிச் சீட்டை இன்னும் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவர் பேரன் மூன்று ஆண்டுகளாக ஒரு சீட்டும் இல்லாமல் ரொக்கக் கூலிக்கு வேலை செய்கிறான். இன்று தாத்தாவை அழைத்துவந்து, அந்தச் சீட்டு எதற்கெல்லாம் உதவியது என்று சொல்லச் சொன்னோம். இரண்டு மகள்களின் திருமணத்தைச் சொன்னார். நான் சொல்வதைவிடப் பிள்ளைகள் அவர் சொன்னதைக் கவனித்துக் கேட்டார்கள்.

குறிப்பு | 29 ஜூன் 2025

நேற்று உங்கள் மூவரில் ஒருவன் வரவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனைக் கேட்காமல் போக வேண்டாம். வீட்டின் நிலையை உங்களிடம் எப்போது காட்டுவது என்பது அவன் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு செய்தி அனுப்புங்கள், காரணம் கேட்காதீர்கள், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் இருப்பேன் என்று மட்டும் எழுதுங்கள்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதினெட்டு நிரம்பாதவர்களோடு மூடிய அறையில் தனியாக உட்காரக் கூடாது. படம் எடுத்து அலுவலகக் குழுவில் போடக் கூடாது. ஏதேனும் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது.

திருத்தம் | 6 ஜூலை 2025

முதல் நாள், எந்த நிலையிலும் பணம் கொடுக்காதீர்கள் என்று எழுதினேன். ஒரு மாதமாக அந்த வாக்கியம் என்னைத் தொந்தரவு செய்கிறது.

அதன் பின்னணி இது. 2018இல் ஒரு பையனுக்குக் கல்லூரிக் கட்டணத்துக்கு 4,000 ரூபாய் குறைந்தது. அவன் தந்தை சுமை தூக்கும்போது காலில் அடிபட்டு வீட்டில் இருந்தார். தாய்க்கு மகளிர் குழுக் கடனின் வாரத் தவணை. மீட்டர் வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவர் வாசலுக்கே வந்துகொண்டிருந்தார். கொடும் வட்டியைத் தடை செய்ய 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது, ஆனால் இரவு ஒன்பது மணிக்கு வாசலில் நிற்பவரிடம் சட்டத்தைப் பேசும் துணிவு அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. நான் 4,000 ரூபாயைக் கடனாகக் கொடுத்தேன். இலவசமாகக் கொடுத்தால் அவன் தன்மானம் குறையும் என்று எண்ணி, மெதுவாகத் திருப்பிக் கொடு என்றேன். அவன் கல்லூரியில் சேர்ந்தான். படிப்பகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான். தெருவில் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போனான். வாசலில் நிற்கும் கடன்காரர்களின் வரிசையில் நானும் ஒருத்தியாகிவிட்டேன்.

இதிலிருந்து பணமே கூடாது என்ற முடிவுக்கு வந்தது தவறு. கடன் கூடாது என்பதுதான் சரி. இப்போது படிப்பகத்தில் பொதுப் பெட்டி ஒன்று இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம், புகைப்படம், நேர்காணலுக்குப் போகும் செலவு ஆகியவை அதிலிருந்து போகும். எடுப்பவர் தேதியையும் காரணத்தையும் நோட்டில் எழுதுவார், பெயர் எழுத வேண்டியதில்லை. யார் கொடுத்தது என்பது எடுப்பவருக்குத் தெரியாது. வேலைக்குப் போன பிள்ளைகள் சிலர் பெட்டியில் போடுகிறார்கள் என்பது, கூட்டிப் பார்க்கும்போது தொகை அதிகமாக இருப்பதால் எனக்குத் தெரிகிறது.

கைப்பேசிக் கடன் செயலிகளைப் பற்றி உங்கள் மூவரிடமும் கட்டாயம் பேசுங்கள். கடன் வாங்காதே என்று சொல்வதற்கு முன், ஏற்கெனவே வாங்கியிருக்கிறாயா என்று கடிந்துகொள்ளாத குரலில் கேளுங்கள்.

பதில் | 20 ஜூலை 2025

துணிக்கடைப் பெண்ணுக்கு எண் கிடைத்துவிட்டது. இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று முறை கேட்டிருக்கிறாள். வைப்பு நிதிக் கணக்கைப் பார்க்க உதவும் அரசின் உமங் செயலியில் பார்த்தபோது, வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குப் பணம் செலுத்தப்பட்டிருக்கவில்லை. சம்பளத்தில் மட்டும் பிடித்திருக்கிறார்கள். புகார் கொடுக்கலாம் என்றேன். அவள் யோசித்துவிட்டு, தீபாவளி வியாபாரம் முடிந்து வேறு வேலை கிடைத்தபின் கொடுக்கிறேன் என்றாள். எனக்கு உடனே கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. சீட்டுகளையெல்லாம் படம் எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். வேலை போனால் இழப்பு அவளுக்குத்தான். முடிவெடுத்தலைக் கற்றுக்கொடுத்துவிட்டு முடிவை நான் எடுக்க முடியாது.

உங்கள் பெண் கலந்தாய்வுக்குப் பதிவு செய்துவிட்டாள் என்ற செய்தி மகிழ்ச்சி தந்தது. கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது பெயரை மட்டும் பார்க்காமல் வீட்டிலிருந்து போய்வரும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாக்கத்திலிருந்து ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்றால், இரண்டாம் பருவத்தில் களைத்துவிடுவாள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் தொலைவு செலவாகத் தெரியாது, உடம்பில்தான் தெரியும்.

பதில் | 3 ஆகஸ்ட் 2025

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் உங்களுக்கு வேறு மூவரைக் கொடுக்கப் போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நான்கு சனிக்கிழமைகள் இருக்கின்றன. அடுத்த வாரமே தேதியைச் சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் கேக் வெட்டிச் சொல்லாதீர்கள்.

2016இல் என் பெஞ்சில் காத்திருந்த பெண்ணை 2019இல் பேசின் பாலம் அருகே பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். நன்றாகத்தான் பேசினாள், என் தாயாரைப் பற்றிக் கேட்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல மிஸ். சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். அதற்குள் அவள் பேருந்து வந்துவிட்டது.

நான் இல்லாததால் அவள் கெட்டுப்போய்விடவில்லை. தன் வழியைத் தானே கண்டுகொண்டாள். அதை நான் மகிழ்ச்சியோடு எழுதுகிறேன். ஆனாலும் முதல் நாள் நான் எழுதியதை மாற்றிக்கொள்ள மாட்டேன். வேறு மூவரை ஏற்பதற்கு முன், இந்த மூவருக்கும் மாதத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று தொலைபேசி அழைப்புக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். ஓராண்டுக்கு அதை விடாமல் செய்ய முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள். முடியாது என்றால், முடியாது என்பதையே சொல்லுங்கள்.

பதில் | 31 ஆகஸ்ட் 2025

நேற்று பன்னிரண்டாவது சனிக்கிழமை. புதிய குழுவை ஏற்கவில்லை, அலுவலகக் கணக்கில் சேராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதே மூவரைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு நின்ற பையன், "அப்ப அடுத்த மாசமும் வருவீங்களா சார்?" என்று இரண்டு முறை கேட்டதாகச் சொல்கிறீர்கள். இரண்டாவது முறை கேட்டதை நினைவில் வைத்திருங்கள்.

எங்கள் ஏ.சி. பிரிவுப் பையனுக்கு ஆவணி தொடங்கியதும் திருமண வேலைகள் வரத் தொடங்கிவிட்டன. ஆடி முழுவதும் அவன் ஒரு வகுப்பும் விடவில்லை. இந்த வாரம் இரண்டு நாள் விட்டிருக்கிறான். வருகைப் பதிவு குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும். இன்று காலை பதினோரு மணிக்குத்தான் வந்தான், தூக்கம் கண்ணில் நின்றது. கையில் இந்த ஆண்டுக் காலண்டர் இருந்தது. வகுப்புக்குப் போன நாட்களுக்கு நீலப் புள்ளி, வேலைக்குப் போன நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி, இரண்டையும் இப்போது அவனே வைக்கிறான். ஐப்பசி முடியும் வரை எத்தனை சிவப்புப் புள்ளி தாங்கும் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். பாதியில் அவன் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டான். எழுப்பவில்லை. மீதியை அடுத்த ஞாயிறு பார்த்துக்கொள்வோம்.